பாவம் ஓரிடம், பழி ஓரிடம்

ரிப்பேர் கடைக்கு வரும் ரேடியோ மேஜை மேலேயே கரகரக்கும். மெக்கானிக் மூடியைக் கழற்றி, ஒவ்வொரு இணைப்பாகத் தட்டி, கரகரப்பு எங்கே கூடுகிறது, எங்கே குறைகிறது என்று காது கொடுத்துக் கேட்கலாம். ரேடியோ கன்ட்ரோலில் பறக்கும் மாடல் விமானத்தின் கோளாறு அந்த வசதியை யாருக்கும் தருவதில்லை. அது நூறு இருநூறு அடி உயரத்தில், என்ஜின் முழு வேகத்தில் அதிரும்போது, கை எட்டாத இடத்தில் நிகழ்கிறது. விமானம் தரைக்கு வந்ததும் இரண்டில் ஒன்று நடந்திருக்கும். பத்திரமாக இறங்கியிருந்தால் கோளாறு போன இடம் தெரியாது. சுவிட்சைப் போட்டால் எல்லாம் ஒழுங்காக வேலை செய்யும். விழுந்து நொறுங்கியிருந்தால் எந்த ஒயர் விழுவதற்கு முன்பே அறுந்தது, எது விழுந்ததால் அறுந்தது என்று பிரிக்க முடியாது. சாட்சியும் தடயமும் சேர்ந்தே அழியும் வழக்கில் சந்தேகம் கண்ணுக்குத் தெரியாத ஒன்றின் மேல் போவது இயல்பு. அதனால்தான் இந்தப் பொழுதுபோக்கு தோன்றிய நாளிலிருந்து, விழுந்த விமானங்களுக்கெல்லாம் பொதுக் குற்றவாளியாக வானலை நின்றது. யாரோ குறுக்கிட்டார்கள், ஏதோ இரைச்சல் வந்தது, சிக்னல் போய்விட்டது என்று அதன் குற்றப்பத்திரிகை நீண்டது. எண்பதாண்டுக்கும் மேலான இந்தக் கலையின் வரலாற்றைப் படிக்கும்போது எனக்குத் தோன்றுவது வேறு. குற்றவாளி பெரும்பாலும் விமானத்துக்குள்ளேயே ஏறிப் பறந்துகொண்டிருந்தான். அவனை வானத்தில் தேடுவதை விட்டுவிட்டு, தரையிலேயே அவன் வாயைத் திறக்கவைக்கும் வழிகளைக் கண்டபோதெல்லாம்தான் இந்தக் கலை வளர்ந்தது.

முதல் குற்றவாளி என்ஜினே. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், கலமாசூ ஊரைச் சேர்ந்த இரட்டையர்களான வால்டர் குட், வில்லியம் குட் இருவரும் 1937-இல் பறக்கவிட்ட ‘பிக் கஃப்’ என்ற மாடல் விமானத்தை இந்தக் கலையின் தொடக்கமாகச் சொல்வது வழக்கம். 8 அடி இறக்கை கொண்ட அந்த விமானம் இன்று ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. அக்கால மாடல் என்ஜின்கள் மோட்டார் சைக்கிள் என்ஜினைப் போலவே ஸ்பார்க் பிளக்கில் ஓடின. பேட்டரி, காயில், கண்டென்சர், தொட்டு விலகும் பாயின்ட் என்று ஒரு முழுப் பற்றவைப்பு ஏற்பாட்டையே அந்தச் சின்ன மூக்குக்குள் அடக்கியிருந்தார்கள். நிமிடத்துக்கு 6,000 சுற்று ஓடும் இரண்டு ஸ்ட்ரோக் என்ஜினில் நொடிக்கு 100 முறை பொறி தெறிக்கும். மின்பொறி என்றால் என்ன? ஹெர்ட்ஸும் மார்க்கோனியும் முதன்முதலில் வானலையை உண்டாக்கியதே பொறியைக் கொண்டுதான். ஆக, தரையில் நிற்பவர் கையில் ஒரு டிரான்ஸ்மிட்டர் இருந்தது என்றால், விமானத்தின் மூக்கிலும் ஒன்று இருந்தது. அதுவோ ரிசீவருக்கு ஓரிரண்டு அடி தூரத்தில் உட்கார்ந்து, எல்லா அலைவரிசையிலும் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டிருந்தது. பற்றவைப்பு ஒயர்களைக் குட்டையாக வைப்பது, ரிசீவரைக் கூடியமட்டும் வாலை நோக்கித் தள்ளுவது என்ற பழக்கங்கள் இதிலிருந்து பிறந்தவை.

இதற்கு ஓர் இயற்கையான ஒப்பீடும் கிடைக்கிறது. அதே 1937-இல், அமெச்சூர் ரேடியோ இதழான க்யூஎஸ்டி-யைச் சார்ந்து இயங்கிய ராஸ் ஹல், கிளின்டன் டிசோட்டோ முதலியோர் கனெக்டிகட்டின் ஹார்ட்ஃபோர்ட் பகுதியில் ரேடியோவால் இயங்கும் கிளைடரைத் திரும்பத் திரும்பப் பறக்கவிட்டார்கள். கிளைடரில் என்ஜின் இல்லை. பொறியும் இல்லை, அதிர்வும் இல்லை. அதே காலம், அதே நுட்பம், வானலையும் அதே வானலைதான். ஆயினும் என்ஜினோடு போராடியவர்களுக்கு இருந்த பாடு கிளைடர்காரர்களுக்கு இல்லை. (ராஸ் ஹல்லின் முடிவு வேறு விதமான பாடம். 1938-இல் வீட்டில் தானே கட்டிய டெலிவிஷன் பெட்டியில் வேலை செய்தபோது உயர் மின்னழுத்தம் தாக்கி இறந்தார். வால்வுக் காலத்தில் கோளாறு தேடுகிறவனையே கோளாறு தேடிவந்து கொல்லக்கூடும் என்பதை இன்றைய 5 வோல்ட் தலைமுறை மறந்துவிடுகிறது.)

1938-இல் ரேதியான் நிறுவனத்தின் ஆர்கே-61 என்ற வாயு நிரப்பிய சின்ன வால்வு வந்ததும் ஒற்றை வால்வில் ரிசீவர் செய்ய முடிந்தது. சிக்னல் வராதபோது அதில் ஒரு மில்லிஆம்பியரை ஒட்டிய மின்னோட்டம் ஓடும். சிக்னல் வந்தால் அது சடாரென்று குறையும். அந்த வித்தியாசத்தில் ஒரு ரிலே விலகி வேலையைச் செய்யும். இந்த ரிசீவரைச் சரிபார்க்க ஒரு மில்லிஆம்பியர் மீட்டரை இடையில் செருகி முள்ளைப் பார்ப்பார்கள். உதவிக்கு வந்தவர் டிரான்ஸ்மிட்டரைத் தூக்கிக்கொண்டு மைதானத்தின் மறுகோடிக்கு நடந்து, பட்டனை அழுத்துவார். முள் எவ்வளவு இறங்குகிறது என்பதே தீர்ப்பு. கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் கோளாறு தேடும் கலையின் முதல் அடி இதுதான்: வானத்தில் என்ன நடக்கும் என்று ஊகிப்பதை விட்டு, தூரத்தை மட்டும் தரையிலேயே உண்டாக்கிப் பார்த்தார்கள்.

1947-இல் ரே ஆர்டன் என்பவர் குளோ பிளக்கைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். மெத்தனால் எரிபொருளும் பிளாட்டினம் கம்பியும் சேர்ந்து வினைபுரிந்து, கம்பியைத் தானாகவே கனன்றுகொண்டிருக்கச் செய்யும். என்ஜின் கிளம்பியபின் பேட்டரி வேண்டாம், காயில் வேண்டாம், பொறி வேண்டாம். குற்றம் பொறியின் மேல் மட்டும் இருந்திருந்தால் அந்த ஆண்டோடு தொல்லை தீர்ந்திருக்க வேண்டும். தீரவில்லை. இரைச்சலின் முதுகுக்குப் பின்னால் இன்னொருவன் ஒளிந்திருந்தான் என்பது அப்போதுதான் துலங்கியது: அதிர்வு. ரிலேயின் நுண்ணிய தொடுமுனைகள் அதிர்வில் தாமாகவே தொட்டு விலகின. சுக்கானை அசைத்த எஸ்கேப்மென்ட் என்ற அமைப்பு முறுக்கிய ரப்பரால் ஓடியது. ஒரு சிக்னலுக்கு ஒரு பல் நழுவி, இடம், நடு, வலம், நடு என்று வரிசையாகச் சுற்றும். அதிர்வில் ஒரு பல் கூடுதலாக நழுவினால் வரிசையே மாறிவிடும். இடப்பக்கம் கேட்டவருக்கு வலப்பக்கம் கிடைக்கும். பறப்பவர் எண்ணிக்கையைத் தவறவிட்டாலும் இதே விளைவுதான். மைதானத்தில் நின்றவர்கள் இரண்டையும் ‘குறுக்கீடு’ என்றே சொன்னார்கள்.

1950-களில் ரீட் முறை வந்தது. ரிசீவருக்குள் வெவ்வேறு நீளமுள்ள மெல்லிய எஃகு நாக்குகள் சீப்பின் பற்களைப் போல வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றும் தனக்குரிய ஒலிக்கு மட்டும் நடுங்கி, தனக்குரிய தொடுமுனையைத் தொடும். நாகஸ்வரத்தின் சீவாளிக்கு உதடு செய்யும் வேலையை இங்கே மின்காந்தம் செய்தது என்று சொல்லலாம். இந்த நாக்குகள் நொடிக்குச் சில நூறு அதிர்வுகளுக்குச் சுருதி சேர்க்கப்பட்டவை. இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள்: நிமிடத்துக்கு 12,000 சுற்று ஓடும் என்ஜின் நொடிக்கு 200 முறை அதிர்கிறது. அதாவது, ஒரு குறிப்பிட்ட வேகத்தில் என்ஜினே ரீட்டின் சுருதியில் பாடத் தொடங்கும். தரையில் பைலட் விரலை அசைக்காமல் நிற்க, மேலே விமானம் தானாகத் திரும்பும். இதைவிடத் தெளிவான ‘வெளியார் சதி’த் தோற்றம் வேறென்ன வேண்டும்? மருந்து என்னவோ ரிசீவரைச் சுற்றி வைத்த ஸ்பாஞ்சுதான்.

இந்த அனுபவங்களிலிருந்து ஒரு சோதனைமுறை உருவானது. ரேஞ்ச் செக் என்பார்கள். டிரான்ஸ்மிட்டரின் ஏரியலை மடக்கிச் சிறிதாக்கிக்கொண்டு, விமானத்தை விட்டு விலகி நடப்பது. சுக்கான்கள் தடுமாறும் இடம் வரை எத்தனை அடி என்று எண்ணுவது. ஏரியலை மடக்குவதால் அலையின் வலு குறைகிறது. மைதானத்தின் நூறடிக்குள் வானத்தின் தூரம் வந்துவிடுகிறது. இதில் என்னை வியக்கவைப்பது அடுத்த படி. அதே நடையை என்ஜினை முழு வேகத்தில் ஓடவிட்டு மறுபடி நடக்க வேண்டும். ஒருவர் விமானத்தைப் பிடித்துக்கொண்டிருப்பார். முதல் நடையிலும் இரண்டாம் நடையிலும் தூரம் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் நல்லது. என்ஜின் ஓடும்போது தூரம் வெகுவாகச் சுருங்கினால், கோளாறு விமானத்துக்குள்ளேதான் இருக்கிறது. வானலை இரண்டு நடைக்கும் பொதுவானது. மாறியது என்ஜின் ஒன்றே. பள்ளிக்கூட ஆய்வகத்தில் சொல்லித்தரும் ஒப்பீட்டு முறையைப் பெட்ரோல் வாடையடிக்கும் புல்வெளியில் இவர்கள் தாமாகக் கண்டடைந்தார்கள். பெட்ரோல் என்பது பழக்கத்தில் வந்துவிட்டது. குளோ என்ஜினில் எரிந்தது ஆமணக்கெண்ணெய் கலந்த மெத்தனால்.

1960-களின் முற்பாதியில் டான் மாத்திஸ், டக் ஸ்ப்ரெங் இருவரின் டிஜிகான் போன்ற கருவிகள் டிஜிட்டல் புரபோர்ஷனல் முறையைக் கொண்டுவந்தன. ஏறக்குறைய 1 முதல் 2 மில்லிநொடி வரை நீளும் துடிப்பு, 1.5 என்றால் சுக்கான் நடுவில். இப்படி நொடிக்கு ஐம்பது முறை. விரல் எவ்வளவு நகர்ந்ததோ அவ்வளவே சுக்கானும் நகரும். ரேடியோ தொழில் நடத்திய பில் கிராஃப்ட் 1967-இல் கோர்சிகாவில் மாடல் விமானப் போட்டியில் உலகப் பட்டமே வென்றார். ரேடியோ இந்த அளவுக்குத் தேறியபின் கோளாறு எங்கே போயிற்று? இன்னும் எளிய பொருள்களுக்கு இறங்கிப் போயிற்று. கார்புரேட்டரின் உலோகக் கையும் அதை இழுக்கும் உலோகக் கொக்கியும் அதிர்வில் ஒன்றோடொன்று உரசும்போது, தொட்டும் தொடாமலும் இருக்கும் அந்த இணைப்பு ரேடியோ இரைச்சலை உண்டாக்கும். நீண்ட கம்பி அதற்கு ஏரியலாக அமையும். ஒரு முனையில் நைலான் கொக்கி போட்டால் இரைச்சல் அடங்கும். சில்லறைக் காசு பெறும் அந்த நைலான் துண்டு எத்தனை பேரை, அலைவரிசையை மாற்றியும் ரிசீவரை மாற்றியும் அலையவிட்டிருக்கும் என்று நினைத்தால் சிரிப்பு வருகிறது. சுக்கானை அசைக்கும் சின்ன மோட்டார்ப் பெட்டியான சர்வோவுக்குள் அதன் நிலையை அளக்கும் பொட்டென்ஷியோமீட்டரோ, விமானம் நேராகப் பறக்கும் நேரமெல்லாம் நடுப்புள்ளியிலேயே நின்று அதிர்வதால், அந்த ஓரிடத்தில் மட்டும் தேய்ந்து, நடுவில் வரும்போது மட்டும் துடிக்கும்.

எல்லாவற்றிலும் தந்திரமானது பேட்டரியின் கறுப்பு ஒயர். நிக்கல் காட்மியம் செல்லிலிருந்து கசியும் காரம் எதிர்முனை ஒயரின் செம்பில் உறைக்குள்ளேயே ஊர்ந்து போகும், செம்பு கறுத்துப் பொடியும், ஈயம் பற்றாது, மின்தடை ஏறும். வெளியே உறை பளபளவென்று இருக்கும். மல்டிமீட்டரை வைத்தால் நான்கு செல்லுக்கு உரிய 4.8 வோல்ட்டுக்கு மேலேயே காட்டும், ஏனென்றால் மீட்டர் இழுக்கும் மின்னோட்டம் மிகச் சொற்பம். மேலே நான்கு சர்வோக்களும் ஒன்றாக இழுக்கும்போதுதான் அந்த ஒயர் காலை வாரும். ஆகவே பேட்டரியை ஒரு மின்தடையோடு இணைத்து, சுமை ஏற்றிய நிலையில் வோல்ட் பார்க்கும் மீட்டர்கள் மைதானத்துக்கு வந்தன. ரேஞ்ச் செக்கின் அதே யோசனைதான் இதுவும். அங்கே தூரத்தை ஏற்றினார்கள், இங்கே சுமையை.

இங்கே ஒருவர் மறுக்கலாம், அந்த மறுப்பில் நியாயமும் இருக்கிறது. வெளியிலிருந்து வந்த குறுக்கீடு கற்பனையா? இல்லை. 27 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையை அமெரிக்காவில் மாடல்காரர்களும் சிட்டிசன்ஸ் பேண்ட் பேசுகிறவர்களும் பக்கம் பக்கமாகப் பங்கிட்டுக்கொண்டார்கள். 1970-களில் லாரி ஓட்டுநர்களிடையே அந்தப் பேச்சுக் கருவி காட்டுத்தீயாகப் பரவியது. பிரிட்டனில் அது சட்டவிரோதமாகவே கடத்தி வரப்பட்டு, மாடல் விமானங்களின் மேல் நேரடியாகக் கத்தியது. கடைசியில் 1981 நவம்பரில் வேறொரு வகையில் அதைச் சட்டபூர்வமாக்கினார்கள். மாடல் விமானங்களுக்கென்று 35 மெகாஹெர்ட்ஸ் தனியே ஒதுக்கப்பட்டது. அமெரிக்காவில் 72 மெகாஹெர்ட்ஸ் வந்து, 1991-இல் 20 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் 50 சேனல்களாகப் பகுக்கப்பட்டது. அதிலும், ஒரே சேனலில் இருவர் டிரான்ஸ்மிட்டரைப் போட்டால் பறந்துகொண்டிருப்பது விழுந்தே தீரும். இவையெல்லாம் உண்மைக் குற்றங்கள். ஆனால் இவற்றுக்கு ஒரு தனித்தன்மை உண்டு: இவற்றைக் கண்டுபிடிக்கப் பெரிய கலை தேவைப்படவில்லை. மானிட்டர் ரிசீவரை வைத்துக் கேட்டாலே யார் பேசுகிறார் என்று தெரியும். ஒரே சேனல் சிக்கலுக்குத் தீர்வு துணி உலர்த்தும் கிளிப். சேனல் எண் எழுதிய கிளிப்பை மைதானத்துப் பலகையிலிருந்து எடுத்துத் தன் ஏரியலில் மாட்டிக்கொண்டவர் மட்டுமே அந்தச் சேனலில் டிரான்ஸ்மிட்டரைப் போடலாம். வெளிக் குறுக்கீட்டுக்குச் சட்டமும் கிளிப்பும் மருந்தாயின. அவை இருந்தும் விழுந்துகொண்டிருந்த விமானங்களுக்கு விளக்கம் உள்ளேதான் இருந்தது. உண்மையில் லாரிக்காரர்கள் செய்த பெரிய தீமை, விமானங்களை விழவைத்தது மட்டுமல்ல. தாங்கள் விழவைக்காத விமானங்களுக்கும் சாக்காக அமைந்தது. அழுகிய ஒயரோடு பறந்தவருக்கும், எதிரே வரும் விமானத்தின் இடம் வலம் குழம்பித் தவறான பக்கம் திருப்பியவருக்கும் அது வசதியாயிற்று. ஆடத் தெரியாதவருக்குக் கூடம் கோணல் என்று சொல்ல ஒரு கோணல் கூடமே கிடைத்துவிட்டது.

என் வாதத்துக்குச் சாதகமான மிகப் பெரிய சோதனையை வரலாறே நடத்திக்கொடுத்தது. 2000-களின் நடுவிலிருந்து 2.4 கிகாஹெர்ட்ஸ் முறை பரவியது. ஒவ்வொரு டிரான்ஸ்மிட்டருக்கும் தனி அடையாள எண். ரிசீவர் அந்த எண்ணுக்கு மட்டுமே செவிசாய்க்கும். கிளிப் வேண்டாம், சேனலை நிர்ணயித்த கிரிஸ்டலும் வேண்டாம். என்ஜின் இரைச்சலும் கொக்கி உரசலும் அந்த உயரத்துக்கு ஏறக்குறைய எட்டுவதே இல்லை. வானலைதான் குற்றவாளி என்றால் வழக்கு இத்தோடு முடிந்திருக்கும். முடியாமல், ‘பிரவுன் அவுட்’ என்ற புதுச் சொல் மைதானத்துக்கு வந்தது. புதிய ரிசீவருக்குள் இருப்பது ஒரு சின்ன கம்ப்யூட்டர். மின்னழுத்தம் அதன் கீழ் எல்லைக்கு இறங்கினால் அது அணைந்து மறுபடி எழும். தொடக்ககால ரிசீவர்கள் சில எழுந்து, தம் டிரான்ஸ்மிட்டரைத் தேடிப் பிடிக்கச் சில நொடிகள் எடுத்துக்கொண்டன. விமானத்துக்குச் சில நொடி என்பது ஆயுள். பழைய ரிசீவராக இருந்தால் அதே மின்னிறக்கத்தில் ஒரு கணம் துடித்துவிட்டு வேலையைத் தொடர்ந்திருக்கும். ஆக, புதிய ரேடியோ பழைய பேட்டரிப் பழக்கங்களை மன்னிக்க மறுத்தது. பழி மறுபடியும் புதிய அலைவரிசையின் மேல் விழுந்தது.

மின்மோட்டார் விமானங்களில் இது இன்னும் வெளிப்படை. மோட்டார் பேட்டரியிலிருந்தே ரிசீவருக்கும் 5 வோல்ட் எடுத்துக்கொடுக்கும் பெக் என்ற சுற்று, எளிய வகையில், மிஞ்சிய வோல்ட்டை வெப்பமாக எரித்துவிடும். இரண்டு செல் லித்தியம் பேக்கில் 7.4 வோல்ட், சர்வோக்கள் 1 ஆம்பியர் இழுத்தால் எரிவது 2.4 வாட். அதே விமானத்தில் வேகம் வேண்டும் என்று மூன்று செல் போட்டால் 11.1 வோல்ட், எரிவது 6.1 வாட். ஒரு செல்லைக் கூட்டியவர் வெப்பத்தை இரண்டரை மடங்கு கூட்டிவிட்டார். சூடேறிய சுற்று தன்னைக் காத்துக்கொள்ளத் தானே அணையும், விமானம் விழும், விழுந்த இடத்துக்கு நடந்து போவதற்குள் ஆறிவிடும், சுவிட்சைப் போட்டால் எல்லாம் சரியாக வேலை செய்யும்.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கூர்மையானது. கண்டுபிடிக்கப்பட்ட கோளாறுகளை மட்டும் வைத்து நான் பேசுகிறேன். உள்ளே இருக்கும் கோளாறு தடயம் விட்டுச்செல்லும், வானலைக் குறுக்கீடு தடயம் விடாது. எனவே காரணம் தெரியாமலே போன விபத்துகளில் பெரும்பங்கு வானலையுடையதாக இருக்கலாமே என்பது அது. தர்க்கப்படி இதை முழுக்கத் தள்ள முடியாது. ஆனால் ஒன்றைப் பார்க்கலாம்: நிலைத்து நின்ற பரிகாரங்கள் எவை? ஸ்பாஞ்சு, நைலான் கொக்கி, சுமை மீட்டர், நீண்ட சர்வோ ஒயரில் மாட்டும் ஃபெரைட் வளையம், இரட்டை பேட்டரி, மின்னழுத்தம் ஒருமுறை விழுந்திருந்தால் தரைக்கு வந்தபின் மின்னிக் காட்டிக்கொடுக்கும் சிவப்பு விளக்கு. காரணம் வெளியே இருந்திருந்தால், உள்ளே செய்த இந்தத் திருத்தங்களைப் பலன் தராதவை என்று ஒரு தலைமுறைக்குள் கைவிட்டிருப்பார்கள். காசு செலவழித்து, எடையையும் கூட்டிக்கொண்டு, பலனில்லாத ஒன்றைச் சுமந்து பறக்க விமானக்காரர் எவரும் சம்மதிப்பதில்லை.

இன்று ரிசீவரே தன் மின்னழுத்தத்தையும், தவறவிட்ட செய்திகளின் எண்ணிக்கையையும் பைலட்டுக்குத் திருப்பி அனுப்புகிறது. வானத்தில் இல்லாத சாட்சி ஒருவழியாகக் கிடைத்துவிட்டான். இனி எதற்கு மைதானத்தில் நடப்பது என்று கேட்கிறவர்கள் உண்டு. அந்தச் சாட்சி சொல்வது மின்னழுத்தம் விழுந்தது என்பதை மட்டுமே. சுவிட்சின் தேய்ந்த முனையிலா, லூஸ் கான்டாக்டிலா, கறுத்த ஒயரிலா என்பதை அவன் அறிய மாட்டான். தயாரிப்பாளர்களும் இதை உணர்ந்திருப்பதாகவே தெரிகிறது. 2.4 கிகாஹெர்ட்ஸ் டிரான்ஸ்மிட்டர்களில் மடக்குவதற்கு நீண்ட ஏரியல் இல்லை. அதற்குப் பதிலாக, அழுத்தினால் அலையின் வலுவை வேண்டுமென்றே குறைக்கும் ஒரு பட்டனை வைத்திருக்கிறார்கள். கூடவரும் கையேட்டில் முப்பது தப்படி நடக்கச் சொல்லியிருக்கும். விமானத்தைப் பிடித்துக்கொள்ள ஓர் ஆள் நிற்க, மோட்டாரை முழு வேகத்தில் ஓடவிட்டு மறுபடி நடக்க வேண்டும்.